1/35 டைகர் 131: கட்டியதும் அளந்ததும், மூன்று ஆண்டு அனுபவம்

1/35 அளவில் நான் கட்டிய டைகர் டாங்கியின் (இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் கனரக டாங்கி) பிளாஸ்டிக் மாதிரி அலமாரிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கட்டி முடிக்க 14 மாதங்கள் பிடித்தன. அதில் பாதிக்கு மேல் அளந்து பார்ப்பதிலேயே கழிந்தது. ஏதோ ஒரு டைகர் என்றில்லாமல், 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கி, இன்று இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் நிற்கும் 131 எண் வண்டியையே தேர்ந்தெடுத்தேன். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க மெய்யான வண்டி ஒன்று இருக்கும்போது, எது சரி, எது பிழை என்ற கேள்வி அந்தரத்தில் நிற்பதில்லை.

மாதிரியின் துல்லியம் மில்லிமீட்டரில் தொடங்குவதில்லை, மாதத்தில் தொடங்குகிறது. 131 என்பது 1943-இன் தொடக்கத்தில் உருவான வண்டி. ஆகவே தளபதியின் கண்காணிப்புக் கூண்டு உருளை வடிவில் இருக்க வேண்டும். பின்னாளைய வார்ப்புக் கூண்டும் அதே கிட்டில் (மாதிரியின் பாகங்கள் அடங்கிய பெட்டியில்) இருந்தது. அதைப் பொருத்தினால் எந்த அளவுகோலாலும் சரிசெய்ய முடியாத பிழையாகிவிடும். ஆசையோடு வாங்கி வைத்திருந்த ஸிம்மரிட் (காந்தக் கண்ணிவெடிகள் ஒட்டாதபடி டாங்கியின்மேல் பூசிய கரடான பூச்சு) பூச்சுத் தாளையும் ஒதுக்கிவிட்டேன், ஏனெனில் அந்தப் பூச்சு வழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இந்த வண்டி பிடிபட்டுவிட்டது.

அளப்பதற்கு வெர்னியர் காலிப்பரும் கணிப்பானும் போதும். வரைபடத்தை மாதிரியின் மேல் வைத்துப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. நகலெடுக்கும்போதே தாள் ஒரு பக்கம் இழுபட்டுவிடும். எழுத்தில் உள்ள அளவை 35-ஆல் வகுப்பதே பாதுகாப்பான வழி. அதிலும் கவனம் தேவை. 88 மி.மீ. பீரங்கியின் குழல் நீளம் 56 காலிபர் (குழல் வாயின் விட்டத்தைப்போல் 56 மடங்கு), அதாவது 4,928 மி.மீ.; வகுத்தால் 140.8 மி.மீ. வருகிறது. என் மாதிரியில் வெளியே தெரிந்த குழல் அதைவிட வெகுவாகக் குறைந்திருந்ததால் உற்பத்தியாளர்மீது பழி போட்டு, இரண்டு வாரம் வேலையை நிறுத்தி வைத்தேன். குழலின் பின்பகுதி கோபுரத்துக்குள் மறைந்திருக்கும் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையான குறை டிராக்கில், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையில் இருந்தது. போர்க்கால டிராக்கின் அகலம் 725 மி.மீ.; மாதிரியில் 20.7 மி.மீ. வர வேண்டும், கிட்டத்தட்ட வந்தது. ஆனால் பக்கத்துக்கு 96 கண்ணிகள் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டில் வந்த வினைல் பட்டையில் 92 மட்டுமே இருந்தன. பல டன் எடையுள்ள எஃகுச் சங்கிலி சக்கரங்களின்மேல் தொய்ந்து படிய வேண்டும்; இதுவோ ரப்பர் வளையம்போல விறைத்து நின்றது. போதாக்குறைக்கு, இரண்டாம் ஆண்டில் பட்டையை நகர்த்தியபோது, அது தொட்டிருந்த இடங்களிலெல்லாம் சக்கரங்களின் பிளாஸ்டிக் இளகிப் பிசுபிசுத்திருந்தது. வினைலிலிருந்து கசியும் பொருள் பாலிஸ்டைரீனை அரித்துவிடுகிறது. பக்கத்துக்கு 24 என ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சக்கரங்களில் ஆறைக் கழற்றி மாற்றுவதற்குள் பொறுமை முழுவதும் தேவைப்பட்டது. இப்போது தனித்தனிக் கண்ணிகளைக் கோத்திருக்கிறேன். முன்பல் சக்கரத்தை அடுத்து அந்தச் சங்கிலி இயல்பாகத் தாழ்கிறது. மாதிரியின் எடையே கூடிவிட்டதுபோல் தெரிகிறது.

அடுத்தது மட்கார்டு. அசலில் மெல்லிய தகடு. கிட்டில் 1 மி.மீ. பிளாஸ்டிக், அதாவது 35 மி.மீ. கவசத்துக்குச் சமம்! பித்தளை எட்ச் தகடுகளால் (அமிலத்தால் அரித்து வடிவமைத்த மெல்லிய தகடுகளால்) மாற்றினேன். சூப்பர் க்ளூவால் ஒட்டியவை இரண்டு முன்பக்கத்தில் கழன்றுவிட்டன, சால்டர் செய்த பின்பக்கத்துத் தகடுகள் அசையவே இல்லை. கழன்றவற்றைப் பழைய பசை நீங்கச் சுரண்டி வைத்திருக்கிறேன். இந்த முறை அவற்றுக்கும் சால்டர்தான்.