பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே: நாலு பேர் யூனிட்டுக்குத் தாங்குமா?

முழுதாக எழுதாத வசனம், லைட் வாடகைக்குக் காசில்லாத பட்ஜெட், பத்து நிமிஷம் வெட்டாமல் ஓடும் ஷாட். இப்படிப் படம் எடுக்க இறங்குகிறவர்கள் செகண்ட் ஹேண்டிலாவது தேடி வாங்குவது பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே. 2018-இல் 1,295 டாலர் விலைக்கு வந்தது. பாக்கெட்டில் அடங்காது, அந்த விலைக்குள்ளும் அடங்காது.

முதலில் அதன் பலம். நேட்டிவ் ஐஎஸ்ஓ, அதாவது சென்சார் வெளிச்சத்தை இயல்பாகப் பிடிக்கும் நிலை, இரண்டு: 400, 3200. 1000 வரை முதல் நிலை, 1250-இலிருந்து இரண்டாவது நிலை. அதனால் 1000-ஐவிட 1250-இல் நாய்ஸ் (படத்தில் நெளியும் புள்ளிகள்) குறைவு. ஆனால் 1250-இல் ஹைலைட்டுக்கு, அதாவது மிகப் பிரகாசமான பகுதிக்கு, மிச்சமிருக்கும் இடமும் குறைவு. ஃப்ரேமில் ஜன்னல் இருந்தால் வெளுத்துவிடும்.

3200 என்றதும் ராத்திரி ஷூட்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதைவிட நல்ல உபயோகம் ஃபோகஸுக்கு. இந்தக் கேமராவில் தொடர் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது; பட்டனை அழுத்தினால் ஒரு தடவை பிடிக்கும், அவ்வளவுதான். நடிகர் மார்க்கில் நிற்கமாட்டார் என்று தெரிந்தே எடுக்கும் காட்சியில் லென்ஸை அகலத் திறந்து எஃப் 1.8 வைத்தால், அவர் லேசாக முன்னால் சாய்ந்ததும் கண் போய்க் காது ஷார்ப்பாகும். 3200 வைத்து, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 4-க்கு வந்துவிட்டால், சாதாரண டியூப் லைட் வெளிச்சத்திலேயே எக்ஸ்போஷர் கிடைக்கும், ஃபோகஸ் ஆழம் கூடுவதால் நடிகரும் கொஞ்சம் நகரலாம். ஒரு எச்சரிக்கை: நம்மூர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட்டும் அதோடு துடிக்கும். நொடிக்கு 24 ஃப்ரேமில், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் கோணத்தை 180 டிகிரி வைத்தால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும், 172.8 வையுங்கள், நின்றுவிடும்.

நீளமான டேக்குக்கு எமன் பேட்டரிதான். உள்ளே போடும் எல்பி-ஈ6 பேட்டரி ஒன்று முக்கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது. ரிகர்சலில் பாதியைத் தின்றுவிட்டு டேக்குக்குப் போனால் எட்டாவது நிமிஷம் கேமரா அணையும். வெளியே மாட்டும் பெரிய 95 வாட்-அவர் வி-மவுன்ட் பேட்டரியை அதன் டி-டேப் பவர் சாக்கெட் வழியாகக் கொடுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அப்போதும் உள் பேட்டரியைக் கழற்ற வேண்டாம்: வி-மவுன்ட்டை மாற்றும் நேரத்தில் கேமராவை அணையாமல் காப்பது அதுதான்.

யுஎஸ்பி-சி வழியாக வெளி எஸ்எஸ்டி-யில் நேரடியாகப் பதியலாம். பணத்தை மிச்சப்படுத்துவதே இந்த வசதிதான். டிசிஐ எனும் சினிமா அளவு 4கே, 24 ஃப்ரேம், பிளாக்மேஜிக் ரா ஃபார்மேட்டில் 5:1 சுருக்கம் என்றால் நொடிக்குச் சுமார் 65 எம்பி. 1 டிபி-யில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் கொள்ளும். ஆபத்து அந்தக் கேபிளில் இருக்கிறது. தோளில் வைத்துத் திரும்பும்போது லேசாக இடித்தாலும் ரெக்கார்டிங் நின்றுவிடும். கேமராவைச் சுற்றி மாட்டும் சட்டமான கேஜோடு கேபிளை இறுக்கும் கிளாம்ப் வாங்காமல் ஷூட்டுக்குப் போகாதீர்கள். எஸ்எஸ்டி-யை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கும். ஆனால் நடுவில் பவர் போனால் ஃபைல் கெட்டுப்போகும் வாய்ப்பு மேக் ஃபார்மேட்டான ஹெச்எஃப்எஸ் பிளஸ்ஸில் இருப்பதைவிட அதிகம்.

வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் உள்ளே இல்லை. மலிவான என்டி-யை லென்ஸில் மாட்டி உச்சி வெயிலில் எடுத்தால் கறுப்பு பாலியஸ்டர் சட்டை பழுப்பாக மாறும். அகச்சிவப்பு ஒளி உள்ளே கசிவதால் வரும் கோளாறு இது. நிறம் திருத்தும் டிஐ கட்டத்தில் சரிசெய்யப் போனால் தோல் நிறமும் சேர்ந்து இழுபடும். அகச்சிவப்பையும் தடுக்கும் ஐஆர்என்டி-யே வாங்குங்கள். 5 இன்ச் திரை மடங்காது, வெயிலில் ஒன்றும் தெரியாது, ஆகவே மானிட்டரும் வேண்டும். 2021-இல் வந்த 6கே ப்ரோவில் என்டி, சாயும் திரை இரண்டும் உண்டு. வெயிலில்தான் பாதிப் படம் என்றால் அதைப் பாருங்கள்.

ஒலிக்கு மினி எக்ஸ்எல்ஆர் மைக் சாக்கெட் ஒன்று, மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பேன்டம் பவரோடு. எடிட்டில் ஒத்துப்பார்க்க உதவும் கைடு டிராக்குக்குப் போதும். வசனத்தை ஸ்பாட்டிலேயே பதியும் சிங்க் சவுண்ட் செய்வதானால் ரெக்கார்டர் தனியாக இருக்கட்டும், 3.5 எம்எம் ஓட்டையில் டைம்கோடு எனும் நேரக்குறியைக் கொடுத்தால் கேமரா ஏற்றுக்கொள்ளும், எடிட்டில் கிளாப் தேடும் வேலை குறையும்.

புதிதாக வாங்கினால் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் லைசென்ஸ் பெட்டியிலேயே வரும். தனியாக அது 295 டாலர். பழையது வாங்குகிறவர்கள் அந்தக் கீ ஏற்கெனவே பயன்பட்டதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். கூடவே லென்ஸை மூடி, 3200-இல் ஒரு நிமிஷம் ரெக்கார்ட் செய்து பெரிய திரையில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் நின்றால் கெட்ட பிக்சலை மறைக்கும், மெனுவிலுள்ள பிக்சல் ரீமேப்பை ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் வேறு கேமரா பாருங்கள்.