ஏபி விருதா, நெய்ஸ்மித் விருதா?

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் ‘ஆண்டின் சிறந்த பயிற்சியாளர்’ சில வருடங்களில் இரண்டு பேர். ஏபி செய்தி நிறுவனத்தின் விருதை 1967இல் முதலில் வாங்கியவர் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் ஜான் வுடன். அட்லாண்டா டிப்ஆஃப் கிளப் தரும் நெய்ஸ்மித் 1987இல்தான் வந்தது. முதல் ஆள் இண்டியானாவின் பாப் நைட்.

ஏபிக்கு ஓட்டுப் போடுவது, வாராவாரம் முதல் 25 அணிகளை வரிசைப்படுத்தும் பத்திரிகையாளர்களே. சீசன் கடைசியில் தேசியப் பட்டத்துக்காக நடக்கும் என்சிஏஏ நாக்-அவுட் போட்டிக்கு முன்பே ஓட்டு முடிந்துவிடும். நாக்-அவுட்டில் ஒரு நாள் சறுக்கினாலும் சீசன் முழுக்கப் பட்ட பாடு வீணாகாது. 2018இல் வர்ஜீனியா முதல் சுற்றிலேயே யுஎம்பிசி அணியிடம் 74-54 என்று மண்ணைக் கவ்வியது. ஏபி விருது என்னவோ டோனி பென்னட்டுக்குத்தான். நெய்ஸ்மித்தும் அவருக்கே, அது வேறு!

பிரிந்த வருடங்கள்தான் சுவாரஸ்யம். 2023இல் ஏபி மார்க்கெட் பல்கலைக்கழகத்தின் ஷாகா ஸ்மார்ட்டைத் தேர்ந்தெடுத்தது. பிக் ஈஸ்ட் லீக்கில் ஒன்பதாவதாகத்தான் வரும் என்று கணிக்கப்பட்ட அணி பட்டத்தையே தட்டியது. நெய்ஸ்மித்தோ கான்சாஸ் ஸ்டேட்டில் முதல் வருடத்திலேயே அசத்திய ஜெரோம் டாங்குக்கு. பிக் 12 லீக்கில் கடைசி என்று ஒதுக்கப்பட்ட அணியை என்சிஏஏவின் எலீட் எய்ட் (கடைசி எட்டு அணிகள்) வரை கொண்டுபோனவர். என் ஓட்டு டாங்குக்கே.

2024இல் ஏபி: ஹூஸ்டனின் கெல்வின் சாம்ப்சன். நெய்ஸ்மித்: யுகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) பயிற்சியாளர் டான் ஹர்லி. அங்கே நான் ஏபி பக்கம்; பிக் 12இல் காலெடுத்து வைத்த முதல் சீசனிலேயே லீக்கை வெல்வது லேசுப்பட்ட காரியமா?