பழைய ஓட்டு வீட்டின் பின்முற்றத்தில் ஒரு கண்ணாடி அறை: தக்கலைப் பக்கத்துப் பட்டறையின் வேலை எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரத்தை அடுத்துள்ள எங்கள் வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரும், ஓட்டைத் தாங்கும் ஆஞ்சிலி மரக் கழுக்கோலும் மங்களூர் ஓடும் கொண்ட பழைய வீடு. வாசல் கிழக்குப் பார்த்தது. மேற்கே, அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் நடுவில், 15 அடிக்கு 12 அடி அளவில் ஒரு பின்முற்றம் திறந்து கிடந்தது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் சாரலும், ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு கொட்டும் மழையும் சேர்ந்து, வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் அந்த இடத்தைப் பயனில்லாமல் ஆக்கிவிடும். அதைக் கூரையும் கண்ணாடிச் சன்னல்களும் வைத்து அடைத்துத் தரும் பொறுப்பைத் தக்கலைப் பக்கம் உள்ள ஓர் அலுமினியப் பட்டறையிடம் ஒப்படைத்தோம். இரண்டு மழைக்காலங்களையும் ஒரு கோடையையும் அந்த அறை பார்த்துவிட்ட நிலையில், பழைய வீட்டை வைத்துக்கொண்டு இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பழைய வீடும் புதிய அறையும் சேரும் இடத்தில் இந்தப் பட்டறை காட்டிய நிதானத்துக்காகவே இவர்களை மற்றவர்களுக்குச் சொல்லலாம். மழைத்தண்ணீரைக் கணக்கிடுவதில் இவர்கள் தவறினார்கள். அதைப் பிறகு சரிசெய்தும் கொடுத்தார்கள்.

சன் ரூம் என்று பெயர் பெற்றிருக்கும் இந்த அறை குளிர்நாடுகளில் வெயிலின் சூட்டைப் பிடித்து வைப்பதற்காக உருவானது. கண்ணாடி வழியே உள்ளே வரும் வெயில் தரையையும் சுவரையும் சூடாக்குகிறது. அவை திரும்ப வெளிவிடும் வெப்பம் அதே கண்ணாடியைக் கடந்து எளிதில் வெளியேறாது. அங்கே வரமாக இருக்கும் இந்தக் குணம் நமக்குத் தொல்லை. நாகர்கோவில் ஏறக்குறைய 8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்திருக்கும். தெற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி வையுங்கள் என்று வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துச் சொல்லப்படும் யோசனைக்கு இங்கே பொருளே இல்லை. நமக்கு வேண்டியது வெளிச்சமும், சாரலையும் கொசுவையும் தடுக்கும் அடைப்பும், மேலே சேரும் வெக்கை தங்காமல் வெளியேற ஒரு வழியும்தான்.

வேலைக்கு விலை கேட்டபோது வேறு இரண்டு பட்டறைக்காரர்களும் வந்து பார்த்தார்கள். இருவருமே பழைய சுவரில் இரும்புச் சட்டத்தை போல்ட் வைத்து இறுக்கி, அதிலிருந்து கூரையைச் சாய்த்து இறக்கிவிடலாம் என்றார்கள். தக்கலைப் பட்டறையின் மூத்த தொழிலாளி மட்டும் சுவரில் ஓர் ஓரத்தைச் சுரண்டி, விரலில் ஒட்டிய சாந்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இந்தச் சொவருல போல்ட் போட்டா பொடிப்பொடியா உதிரும், அண்ணாச்சி, நாம தனியா கால் ஊன்றிருவோம்” என்றார். வேலையை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு அந்த ஒரு பேச்சே போதுமானதாக இருந்தது. சுண்ணாம்புச் சாந்து சிமெண்டைப் போல இறுகிப் பிடிப்பதில்லை. காற்றின் இழுப்பில் ஆணியும் போல்ட்டும் அதில் தளர்ந்துவிடும். மேலும், பல தலைமுறையாக மண்ணில் அமர்ந்து நிலைத்துவிட்ட பழைய அஸ்திவாரமும் நேற்றுப் போட்ட புதிய அஸ்திவாரமும் ஒரே அளவில் இறங்குவதில்லை. இரண்டையும் இறுகக் கட்டினால், விரிசல் பழைய சுவரில்தான் விழும்.

எனவே புதிய கூரை முழுவதும் தன் சொந்தக் கால்களில் நிற்கிறது. ஒவ்வொரு காலுக்கும் கீழே கான்கிரீட் குழி போட்டு, அடித்தகட்டை நங்கூர போல்ட்டுகளால் பிடித்திருக்கிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் மரங்களையும் கூரைகளையும் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு, லேசான கூரையைக் காற்று கீழே அமுக்குவதைவிட மேலே தூக்குவதுதான் ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை. புதிய பக்கச்சுவர் பழைய சுவரைத் தொடும் இடத்தில் விரல் பருமனுக்கு இடைவெளி விட்டு, உள்ளே நுரைக்கயிறு திணித்து, மேலே நெகிழும் பசையால் மூடியிருக்கிறார்கள். இன்றுவரை அந்த மூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

பழைய ஓட்டு வீடுகளின் இறவாரம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, தாழ்வாக இருக்கும். எங்கள் வீட்டில் ஏழடி உயரம்தான். அதற்குக் கீழே புதிய கூரையைச் செருகினால் மறுமுனையில் தலை இடிக்கும். இவர்கள் புதிய கூரையைப் பத்தடி உயரத்தில், இறவாரத்துக்கு மேலே ஒன்றரை அடி உள்வாங்கித் தொடங்கி, அடிக்கு ஒன்றரை அங்குல வீதம் மேற்கே இறக்கினார்கள். பழைய ஓட்டுக்கும் புதிய கூரைக்கும் நடுவில் கிழக்குப் பார்த்து இரண்டடி உயரத்துக்கு ஒரு திறப்பு கிடைத்தது. அதில் அலுமினியச் சாய்தகடுகளும் கொசுவலையும் பொருத்தியிருக்கிறார்கள். மேலே ஏறும் வெப்பக்காற்று அந்த வழியே வெளியேறுகிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வந்து கூரைமீது ஏறிக் கடக்கும்போது, காற்றின் மறைவில் உள்ள அந்தத் திறப்பு உள்காற்றை இழுத்து வெளியே விடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் கிழக்கிலிருந்து சாரல் புகுந்தாலும் பழைய ஓட்டின் மீதுதான் விழுகிறது. இந்த அறையில் என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆனால் இந்த அமைப்பில் பழைய கூரையின் தண்ணீர் முழுவதும் புதிய அறைக்குள் இருக்கும் இறவாரத்தில் வந்து இறங்கும். அதைப் பிடித்து இரு பக்கமும் வெளியேற்றும் பாத்திதான் முழு அறைக்கும் உயிர்நாடி. அந்தப் பாத்தியைப் பட்டறை சிறியதாகப் போட்டுவிட்டது. மேற்குப் பக்கம் சாயும் எங்கள் பழைய கூரை ஏறக்குறைய 240 சதுர அடி, அதாவது 22 சதுர மீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்தால், ஒரு மணி நேரத்தில் 1,100 லிட்டர் தண்ணீர் அந்த ஒரு பாத்தியில் வந்து விழும். ஓட்டின் வரிசைகளில் தண்ணீர் சேர்ந்து வேகம் பிடித்து வருவதால், ஒடுங்கிய பாத்தியைத் தாண்டிக் குதித்தும் விடும். தென்மேற்குப் பருவமழையின் முதல் பெருமழையில் புதிய தரை முழுவதும் தண்ணீர் நின்றது. உள்ளே போட்டிருந்த பிரம்பு நாற்காலிகளையும், என் தாயார் காயப் போட்டிருந்த நல்லமிளகையும் அவசரமாக அள்ளி எடுக்க வேண்டியதாயிற்று. பட்டறைக்குச் சொன்னதும் மழை விட்ட இடைவெளியில் ஆள் வந்து, அகலமும் ஆழமும் கூடிய பாத்தியை மாற்றி, வடிகுழாயையும் பெரிதாக்கினார்கள். கூலி வாங்கவில்லை, தகட்டுக்கு மட்டும் பணம் கேட்டார்கள். அதையும் கேட்டிருக்கக் கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் கூரையின் பரப்பை வேலைக்கு முன்பே அவர்கள் நாடா பிடித்து அளந்திருந்தார்கள். மாற்றிய பிறகு ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை. பலாச் சருகும் மாவிலையும் அதில் சேர்வதால் மழைக்கு முன் ஏணி வைத்து வாருவது மட்டும் தவிர்க்க முடியாத வேலை.

கூரைக்குக் கண்ணாடி வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. கிணற்றடியில் இரண்டு தென்னைகள் நிற்கின்றன. டஃபண்டு கண்ணாடி பலமானதுதான் என்றாலும், உடையும்போது முழுப் பலகையும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். தலைக்கு மேல் கண்ணாடிதான் வேண்டும் என்றால், உடைந்தாலும் துண்டுகளை நடுப்படலம் பிடித்து வைத்திருக்கும் லேமினேட்டட் கண்ணாடியையே போட வேண்டும். அதன் எடையைத் தாங்க இரும்பும் கூடும். எங்களுக்கு 10 மில்லிமீட்டர் கனமுள்ள, உள்ளே அறை அறையாக இருக்கும் பால்வெள்ளை பாலிகார்பனேட் தகட்டைப் போட்டிருக்கிறார்கள். தென்னை மட்டை ஒருமுறை விழுந்து கீறல் பட்டதே தவிர உடையவில்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இந்தத் தகட்டில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் சில வருடங்களில் மஞ்சளித்து நொறுங்கும். பாதுகாப்புத் தாளில் அச்சிட்டிருந்த குறியைக் காட்டிய பிறகே ஒவ்வொரு தகட்டையும் ஏற்றினார்கள் என்பதைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். வெயிலில் இந்தத் தகடு நீளவும் செய்யும்: 30 டிகிரி சூடு மாறினால் எங்கள் தகட்டின் நீளத்துக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அதனால் திருகுத் துளைகளைத் திருகைவிடப் பெரியதாகப் போட்டு ரப்பர் வாஷர் வைத்திருக்கிறார்கள். ஒரு குறை, பெருமழையில் இதன் சத்தம் ஓட்டுக்கூரையின் சத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். அப்போது உள்ளே உட்கார்ந்து பேச முடியாது.

சன்னல் விஷயத்தில் இவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டரை அடி அரைச்சுவருக்கு மேல் மூன்று பக்கமும் நகரும் சன்னல்களையே வைத்தார்கள். அவை எவ்வளவு திறந்தாலும் பாதி வழிதான் கிடைக்கும். வடக்கிலும் தெற்கிலும் முழுவதுமாகத் திறக்கும் கதவுச் சன்னல்கள் இருந்திருந்தால் காற்று நன்றாக ஓடியிருக்கும். மேற்குச் சன்னலின் கீழ்த்தடத்தில் வடிதுளை இல்லாமல் தண்ணீர் தேங்கி உள்ளே வழிந்ததும் உண்டு. துளை போட்டபின் நின்றது.

மாசி முதல் சித்திரை வரை பிற்பகல் வெயில் மேற்குக் கண்ணாடியில் நேரே விழுவதால், மறைப்பு இல்லாமல் அறையில் இருக்க முடியாது. உள்ளே திரை போட்டால் வெளிச்சம் குறையுமே தவிர வெப்பம் அவ்வளவாகக் குறையாது, ஏனெனில் அது ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது. வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்ட பிறகுதான் மாலை நேரத்துக்கு அறை பயன்பட்டது. பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் மரச்சட்டங்களும் வண்ண அபிரகத் தகடுகளும் வெயிலை அடக்கி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆயினும், தட்டி மாட்டுவதற்கான கொக்கியைக்கூட இவர்கள் திட்டத்தில் சேர்க்கவில்லை.

இரும்புக் குழாய்கள் துத்தநாக முலாம் பூசியவை. வெல்டிங் செய்த இடங்களில் மறுபடி துத்தநாகப் பூச்சு அடித்தார்கள். தொடக்கத்தில் போட்ட சாதாரணத் திருகுகள் துருப்பிடித்துக் கண்ணீர்க்கோடு இறக்கியதால், எவர்சில்வர் திருகுகளாக மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக எவர்சில்வரையே கேட்டு வாங்க வேண்டும். 304 ரகம் அங்கே கறை பிடிக்கும்.

செலவு எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்தை ஒட்டி வந்தது. இரும்பை எடைக்கும், தகட்டையும் சன்னலையும் சதுர அடிக்கும் தனித்தனியாகக் கணக்குக் காட்டியதால் பேரம் பேச வசதியாக இருந்தது. கூரை போட்டு அடைத்த முற்றம் சட்டப்படி கட்டடமாகவே கருதப்படும்; தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 மனையின் எல்லையை ஒட்டிக் காலியாக விடச் சொல்லும் இடைவெளிக்குள் அது வந்தால் சிக்கல் உண்டு. பட்டறைகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. உள்ளாட்சி அலுவலகத்தில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முற்றத்தைப் பார்த்துத் திறக்கும் படுக்கையறைச் சன்னல் ஒன்றுதான் அந்த அறைக்குக் காற்றுவழி என்றால், இந்த வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது. எங்கள் வீட்டில் அடுக்களைக்கு வடக்கிலும் ஒரு சன்னல் இருப்பதால் புகையும் ஆவியும் தப்பின. பழைய சுவரின் அடியில் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டித் தருவதாகச் சொன்னதையும் மறுத்துவிட்டோம். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சும் ஈரம் வெளியேற இடம் வேண்டும், அடைத்தால் அது மேலே ஏறிப் பூச்சை உப்ப வைக்கும். இந்தப் பட்டறையிடம் போகிறவர்கள் பாத்தியின் அகலம், வடிகுழாயின் அளவு, திருகின் ரகம், சன்னல் திறக்கும் முறை ஆகிய நான்கையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுக்கவும்.