தியேட்டர் வாசலா, ஊர்த் திடலா?

சின்னப் படத்தை முடித்துவிட்டுக் கையில் கடைசிக் காசோடு நிற்பவருக்கு முன்னால் இரண்டு வழிகள்.

ஒன்று, வெள்ளிக்கிழமை தியேட்டர். போஸ்டர், விளம்பரம், டிஜிட்டல் திரையிடல் கட்டணம் எல்லாம் அவர் தலையில். அதே வாரம் பெரிய நடிகர் படம் வந்தால் காலைக் காட்சி மட்டும் மிஞ்சும். திங்கட்கிழமை அதுவும் போய்விடும்.

இன்னொன்று, பார்வையாளரைத் தேடிப் போவது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் கோழிக்கோட்டில் ஒடேசா என்ற குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் காசு திரட்டினார்கள். 1986இல் வந்த 'அம்ம அறியான்' அப்படி உருவானதுதான். காட்டியதும் ஊர் ஊராகத்தான். வேகம் குறைவு, கால் தேயும். ஆனால் யார் பார்த்தார்கள், எங்கே எழுந்து போனார்கள் என்பது இயக்குநருக்கே தெரியும்.

பிறகு ஏன் இன்னமும் முதல் வழியையே பிடித்துத் தொங்குகிறோம்? பணக்கணக்கு பாதிக் காரணம். "தியேட்டர்ல வந்துச்சா?" என்று சொந்தக்காரர் கேட்பாரே, அது மீதி. (அடுத்த தயாரிப்பாளரும் அதையேதான் கேட்பார்.) திரைவிழா விருதும் கதவைச் சட்டென்று திறப்பதில்லை: 2021இல் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய 'கூழாங்கல்' 2023இல்தான் ஓடிடிக்கு வந்தது.

என்னைக் கேட்டால், போஸ்டர் காசில் ஒரு புரொஜெக்டரும் வெள்ளைத் துணியும் வாங்கிவிடுவேன்.