450 கிட் ஹெலிகாப்டர்: சாயல்குடியில் மூன்று வருடம்

துபாயிலிருந்து வந்த மச்சான் பெட்டியைக் கையில் கொடுத்தார். திறந்து பார்த்தால் ஹெலிகாப்டர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, முழுக்கச் சின்னச் சின்னப் பொட்டலங்கள். நாமே கோர்க்க வேண்டிய ரிமோட் ஹெலிகாப்டர் கிட், 450 என்பது அதன் அளவு வகை. மேல் பிளேடு ஒவ்வொன்றும் 325 மி.மீ. நீளம். எல்லாம் பூட்டி, பேட்டரியும் ஏற்றினால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். மோட்டார், சர்வோ (பாகங்களை அசைக்கும் சின்ன மோட்டார்), ஜைரோ (வால் திரும்பாமல் பிடிக்கும் கருவி), ரிமோட் எல்லாம் தனியாக வாங்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது. யார் படித்தார்கள்?

கோர்த்து முடிக்கப் பதினோரு ராத்திரி ஆனது. முதலில் செய்ய வேண்டியது நல்ல ஆலன் கீ, அதாவது அறுகோணச் சாவி வாங்குவது. 1.5, 2, 2.5 மி.மீ. மூன்றும் போதும். மட்டமான சாவி ஸ்க்ரூவின் தலைக்குழியைத் தேய்த்துவிடும், அப்புறம் அது வெளியே வரவே வராது. இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிறப் பசை, லாக்டைட், ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் மட்டும் வேண்டாம், விரிசல் விட்டுவிடும். வால் பெல்ட்டை 90 டிகிரி முறுக்கி மாட்ட வேண்டும். நான் எதிர்ப்பக்கம் முறுக்கிவிட்டேன், வால் பிளேடு தலைகீழாகச் சுற்றியது. ஏழாவது ராத்திரி முழுக்க அந்த வாலைக் கழற்றி மாட்டுவதிலேயே போனது.

மேல் பிளேடின் சாய்வை மாற்றும் தட்டு, ஸ்வாஷ்பிளேட்தான் உயிர்நாடி. 120 டிகிரி இடைவெளியில் மூன்று சர்வோ அதைத் தாங்குகின்றன. ரிமோட் குச்சி நடுவில் இருக்கும்போது சர்வோ கைகள் இணைப்புக் கம்பிக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும், பிளேடின் சாய்வு சுழியமாக இருக்க வேண்டும். இங்கே அரை டிகிரி பிசகினால் அத்தனையும் மேலே போன பிறகு தெரியும். இந்த வேலை முடியும்வரை மோட்டார் வயரைக் கழற்றியே வையுங்கள். நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓடும் பிளேடு விரலை மட்டும் சும்மா விடுமா?

பறக்கவிடுவது ஊருக்கு வெளியே வற்றிய கண்மாயில். வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். உச்சிப்புளிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஒரு விசேஷத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அங்கே ஐஎன்எஸ் பருந்து, கடற்படை விமானதளம். கும்பிட்டு மறுத்துவிட்டேன்.

நாலாவது மாதம் விழுந்தது. தப்பு என்னுடையது பாதி, கிட்டுடையது பாதி. சில பாகங்கள் கம்பெனியிலேயே கோர்த்து வந்திருந்தன, அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே மாட்டினேன். வால் பிளேடைச் சாய்க்கும் கையில் ஒரு ஸ்க்ரூவுக்கு லாக்டைட்டே போடவில்லை. அதிர்வில் கழன்றதும் வால் பிடியை விட்டது, ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றிப் பக்கத்துப் பனையின் கருக்குமட்டைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. பதநீர்க் காலமானதால் பனையேறும் அண்ணன் அங்கேயே இருந்தார். இறக்கிக் கொடுத்துவிட்டு, "இது என்ன தம்பி, இந்த மரம் இப்படிக் காய்ச்சிருக்கு?" என்றார். மேல் பிளேடு இரண்டு, நடுத்தண்டு, பிளேடுகளைப் பிடிக்கும் குறுக்குத்தண்டு, வால் குழாய், பெரிய பல்சக்கரம் என்று விழுந்தால் போகும் சாமான் அத்தனையும் போயிற்று. கம்பெனி கோர்த்ததையும் ஒருமுறை பிரித்து, பசை போட்டுப் பூட்டுங்கள். அதற்கு ஒரு ராத்திரிதான் கூடுதல்.

ஆனால் விழுந்ததைவிட அதிகம் தின்றது உப்பு. மூக்கையூரில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பெரியப்பா முதல் வாரமே சொன்னார்: "போட் எஞ்சினையே ரெண்டு நாள் தொடைக்காம விட்டா பூத்துப்போகுது. ஊசி மாதிரி ஸ்க்ரூ, இது எம்மாத்திரம்?" கேட்கவில்லை. ஆறு மாதத்தில் வால் பேரிங் கரகரத்தது, ஸ்க்ரூ தலைகளில் செம்மண் நிறம். இப்போது பறந்து வந்ததும் துணியால் துடைத்து, வெளியே தெரியும் இரும்புக்கு லேசாக எண்ணெய் தொட்டு, மூடி இறுகும் டப்பாவில் வைக்கிறேன். மணலில் இறக்குவதே இல்லை. பழைய பிளெக்ஸ் பேனரை விரித்து, அதன் மேல்தான் ஏற்றமும் இறக்கமும்.

பேட்டரி 3 செல், 2,200 எம்ஏஎச். ஐந்து நிமிடத்துக்கு ரிமோட்டில் அலாரம் வைத்திருக்கிறேன். பறக்காத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைப்பேன். முழுச் சார்ஜில் சித்திரை வெயிலில் அலமாரியில் விட்ட முதல் பேட்டரி அப்பளமாக உப்பிவிட்டது.

ரெடிமேடாக வாங்கியிருக்கலாமே என்று மச்சான் போனில் இன்னும் கேட்கிறார். வாங்கியிருந்தால் பனையிலிருந்து இறங்கிய அன்றே அதன் கதை முடிந்திருக்கும். இதில் எந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதலில் வந்ததில் பக்கத் தகடுகளும் ஸ்வாஷ்பிளேட்டும்தான் இன்னும் மாறாமல் இருக்கின்றன.

வால் பெல்ட் திரும்பவும் பிரிந்திருக்கிறது. புதியது வந்தாயிற்று. கச்சான் காற்று ஓயட்டும், மாட்டிப் பார்க்கலாம்.