மிளகாய்ப் பூ கொட்டுவதை எந்தக் கேமரா சொல்லும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மதியம் இரண்டு மணிக்கு வெளியே நின்றால் நமக்கே தலை சுற்றும். வீட்டுக்குப் பின்னால் 40 மிளகாய்ச் செடி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒரே கவலை, பூவெல்லாம் கொட்டுகிறது. செடியைப் படம் பிடித்துப் பார்க்க மூன்று வழி உண்டு.

கையில் கிடைத்தது வெப்பப் படக் கேமராதான். கைபேசியில் செருகும் சின்னது, இரவல். இலைக்கும் வியர்வை உண்டு. துளைகள் வழியாக நீராவியை விட்டுத்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. துளை மூடினால் இலை சூடேறும். படத்தில் மற்ற செடியெல்லாம் ஊதாவாக இருக்க, இரண்டு மட்டும் சூட்டைக் காட்டும் மஞ்சளில் எரிந்தன. "காலையிலதான் தண்ணி ஊத்துனேன் தம்பி" என்றார் அண்ணன். பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருந்தது. வியர்வை நின்றதைக் கேமரா காட்டியது, ஏன் நின்றது என்பதை மண்வெட்டிதான் காட்டியது.

நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நன்றாக வியர்க்கும் இலைகூட அவ்வளவாகக் குளிராது. வறண்ட ஊரில் பளிச்சென்று தெரிகிற வித்தியாசம் இங்கே சுருங்கிவிடும். மலிவான கேமராவோ 3 டிகிரி வரை தப்பாகக் காட்டும். அதனால் எண்ணை நம்பாதீர்கள். ஒரே படத்தில் ஒரு செடியை இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். நடுவில் மேகம் வந்தால் மறுபடி எடுங்கள்.

அடுத்தது ஒளிர்வுப் படம். வாங்கிய ஒளியில் ஒன்றிரண்டு சதவீதத்தைப் பச்சையம் சிவப்பாகத் திருப்பி விடுகிறது. இலையை 20, 30 நிமிடம் இருட்டில் வைத்து அதை அளந்தால் ஒளிச்சேர்க்கை பழுதா இல்லையா என்று தெரியும். ஒளிச்சேர்க்கையின் திறனைக் காட்டும் அந்த எண் நல்ல இலைக்கு 0.83 அளவில் வரும். ஆய்வகத்துக்கு இது துல்லியமான சாட்சி. ஆனால் வெறும் சூட்டால் அந்த எண் விழ, பொதுவாக இலை 40 டிகிரியைத் தாண்டவேண்டும். மலேசியாவில் பதிவான காற்று வெப்பத்தின் உச்சமே 1998-இல் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரிதான். மிளகாயின் மகரந்தம் அதற்கு வெகு முன்பே கெட்டுப்போய்ப் பூ கொட்டும், இலை பச்சைப்பசேல் என்று இருக்கும்போதே.

ட்ரோனில் எடுக்கும் பசுமைக் குறியீட்டுப் படம்? சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுச் சொல்வது. பெரிய செம்பனைத் தோட்டத்துக்குச் சரி. பச்சை குறைந்த பிறகுதான் வாய் திறக்கும் என்பதால் அண்ணனுக்கு உதவாது.

என் ஓட்டு வெப்பப் படத்துக்குத்தான், அதுவும் நோய்ச்செடியைப் பிடிக்க. பூவுக்கு? சூட்டைக் குறைக்க அண்ணன் கறுப்பு நிழல்வலை வாங்கிவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை பாதிப் பாத்திக்கு மட்டும் கட்டப்போகிறோம்.