பிரேக் டிஸ்க்: லேத்தில் கடைவதா, புதிது போடுவதா?

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் 80-ல் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கையில் உதறும். கீழே இறங்கி சில்க் போர்டு நெரிசலில் சேர்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. பெங்களூருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் இந்தக் கோளாறை மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுவது இதனால்தான். வேகம் இருந்தால்தான் உதறல் கைக்கு வரும். முன்சக்கர டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பிரேக் கவ்விப் பிடிப்பது அதைத்தான்) தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்பதற்கு அடையாளம் அது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசமே போதும், உதற ஆரம்பித்துவிடும்.

என் கார் 62,000 கி.மீ. ஓடியிருந்தபோது இது வந்தது. டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் கடைந்து சமமாக்கலாம், அல்லது தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டலாம். நான் இரண்டையும் செய்துவிட்டேன். முதலில் லேத், எட்டு மாதம் கழித்துப் புது டிஸ்க். என் ஓட்டு புது டிஸ்க்குக்குத்தான்.

காசு, நேரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேத்தில் இரண்டு டிஸ்க்குக்கும் 900 ரூபாய் வாங்கினார்கள். புது டிஸ்க் ஜோடி 4,400. எதைச் செய்தாலும் புது பேட் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்) போட வேண்டும், கழற்றி மாட்டும் கூலியும் ஒன்றுதான். இரண்டும் அரை நாள் வேலை. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் லேத்துக்குத்தான் போகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முடிவு செய்ய வேண்டியது தடிமனை வைத்து. பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்ச தடிமன் இவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். துருவைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் தெரியும். என் காரில் புது டிஸ்க் 22 மி.மீ., குறைந்தபட்சம் 20. ஆக மொத்தம் தேயக்கூடியது 2 மி.மீ.தான். 20 வரை கடைந்துகொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 20-க்கு வந்தால் அந்த டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது. கடைந்த பிறகும், அடுத்த பேட் தேய்ந்து முடியும் வரை 20-க்கு மேல் நிற்க வேண்டும்.

லேத் பட்டறையில் வெர்னியரை (இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்துத் தடிமன் அளக்கும் கருவி) டிஸ்க்கின் விளிம்பில் வைத்துப் பார்த்தார்கள். 21.6 காட்டியது. "நிறைய இருக்கு சார், தாராளமா கடையலாம்" என்றார் கடைசல்காரர். நம்பினேன். கடைந்து முடித்துத் திரும்ப அளந்தால் 20.4. அவர் அவ்வளவு ஆழமாகக் கடையவில்லை. பேட் படாத வெளி ஓரத்தில் டிஸ்க் தேயாமல் துருவோடு ஒரு வரப்பு மாதிரி நிற்கும். வெர்னியரின் தாடைகள் அந்த வரப்பின் மேல் உட்கார்ந்துதான் 21.6 காட்டியிருக்கிறது. பேட் உரசும் இடத்தில் உண்மையான தடிமன் 21-தான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது நான் அளப்பது வேறு மாதிரி. வரப்புக்கு உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, நாணயங்களோடு சேர்த்து வெர்னியரில் பிடிக்கிறேன். பிறகு இரண்டு நாணயங்களின் தடிமனையும் தனியாக அளந்து கழித்துவிடுகிறேன். மைக்ரோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுற்று வேலை தேவையில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 62,000 கி.மீ.க்கு 1 மி.மீ. தேய்ந்திருக்கிறது. மிச்சம் 0.4 மி.மீ. அதே வேகத்தில் தேய்ந்தால் 25,000 கி.மீ.யில் தீர்ந்துவிடும். லேத்தோடு சேர்த்துப் போட்ட புது பேட் அதைத் தாண்டியும் ஓடும். அப்படியென்றால் பேட் பாதி இருக்கும்போதே டிஸ்க் மாற்ற வேண்டும், புது டிஸ்க்குக்குத் திரும்பப் புது பேட் வேண்டும், கூலியும் இன்னொரு முறை. 900 ரூபாய் வேலை என்று போன எனக்கு பேட் 1,900, கூலி 700 எல்லாம் சேர்த்து 3,500 ஆனது. 7,000 கி.மீ.யில் உதறல் திரும்பி வந்தபோது டிஸ்க்கில் கடைய ஒன்றும் மிச்சமில்லை. அந்த 3,500-ஐ அப்படியே விட்டுவிட்டு, மறுபடி 7,000 செலவு செய்தேன்.

மெலிந்த டிஸ்க்கில் எனக்கு இருந்த பெரிய பயம் சூடு. நடுவில் காற்றுப் பாதை உள்ள டிஸ்க்கில் 22 மி.மீ. முழுவதும் இரும்பு கிடையாது, வெளிப்பக்கத் தகடுகள் இரண்டுதான் சூட்டைத் தாங்குகின்றன. குறைகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்தத் தகடுகளில்தான் குறைகிறது. வருஷத்துக்கு மூன்று தடவை சேலம் போகிறவன் நான். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் குடும்பத்தோடு இறங்கும்போது, கியரைக் குறைத்து இன்ஜினாலேயே பிடித்து இறங்கினாலும், முன்னால் லாரி நின்றால் பிரேக்கைத்தானே மிதிக்க வேண்டும்! (பிரேக் ஆயிலையும் இதோடு பாருங்கள். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துவிட்டால் 155-க்கே இறங்கிவிடலாம். நான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.)

உதறல் ஏன் அவ்வளவு சீக்கிரம் திரும்பியது? இதில் லேத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. சக்கரத்தின் நடுவில் டிஸ்க் உட்காரும் பாகமான ஹப்பில் துரு இருந்தால் டிஸ்க் நூலளவு சாய்ந்து உட்காரும். பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டில் லேசாக உரசிப் போகும். அந்த இடம் மெல்ல மெல்ல மெலிந்து, சில ஆயிரம் கி.மீ. கழித்து உதறலாக வெளிப்படும். முதல் தடவை ஹப்பை யாரும் தொடவில்லை. துருவோடு மாட்டினால் புது டிஸ்க்குக்கும் இதே கதிதான். இரண்டாம் தடவை மெக்கானிக் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தார், காலிப்பர் (பேட்டைப் பிடித்திருக்கும் பாகம்) நகரும் ஸ்லைடு பின்களைக் கழுவி கிரீஸ் வைத்தார், புது டிஸ்க்கின் மேல் இருந்த எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடைத்தார். வீல் போல்ட்டுகளை ஏர் கன்னால் அடித்து முடுக்காமல், இறுக்கத்தை அளவோடு வைக்கும் டார்க் ரென்ச்சால் எதிரெதிராக முடுக்கினார்.

லேத்துக்குப் போகலாம் என்று நான் சொல்வது ஒரு நிலையில்தான்: 25,000, 30,000 கி.மீ.யிலேயே உதறல் வந்து, கடைந்த பிறகும் பாதிக்கு மேல் தேய்மானம் மிச்சம் இருக்கும் என்றால். டிஸ்க் விலை அதிகமுள்ள பெரிய கார்களில் அந்தச் சேமிப்பு கண்ணுக்குத் தெரியும். டிஸ்க்கைக் கழற்றாமல் காரிலேயே வைத்துக் கடையும் இயந்திரமும் இருக்கிறது. ஹப்போடு சேர்த்துச் சுற்றுவதால் சாய்வும் சேர்ந்தே சரியாகிவிடும். நான் அதில் செய்து பார்த்ததில்லை, ஆனால் சாதாரண லேத்தைவிட அதை நம்புவேன். டிஸ்க்கில் விரிசல் கண்டால் எந்த லேத்தும் வேண்டாம்.

புதிது வாங்க ஜே.சி. ரோட்டில் கடைகள் நிறைய. பில் போட்டு வாங்குங்கள், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஜோடியாக. மாட்டியதும் ஞாயிறு விடியற்காலையில் ஆளில்லாத ரோட்டில் 60-லிருந்து 10-க்கு, முழுக்க நிறுத்தாமல், எட்டுப் பத்து தடவை நிதானமாக வேகத்தைக் குறைத்துப் புது டிஸ்க்கையும் பேட்டையும் பழக்கினேன்.

மாட்டி 9,000 கி.மீ. ஆகிறது. போன வாரம் நாணயம் வைத்து அளந்தேன்: இடது 21.9, வலது 21.9.